பழைய சவுண்ட் கார்டில் இரண்டு கணினிகளை இணைக்க…

ஒரு கணினியில் கீபோர்டு இசை ஓட, இன்னொன்றில் பதிவு செய்ய வேண்டுமா? டிஜிட்டல் வசதியுள்ள பழைய பிசிஐ கார்டுகளே போதும்.

● ஒன்றின் ‘அவுட்’டிலிருந்து மற்றதன் ‘இன்’னுக்குக் கேபிள் போடுங்கள். ஒலி திரும்பியும் வர வேண்டுமானால் எதிர்த்திசையில் இன்னொரு கேபிள் வேண்டும்.

● எஸ்பிடிஃப் என்ற டிஜிட்டல் ஒலி இணைப்பின் கோஆக்சியல் வகைக்கு 75 ஓம் கேபிள் தேவை. மஞ்சள் முனையுள்ள வீடியோ கேபிள் கைகொடுக்கும்.

● ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வந்தால் ஆப்டிகல் கேபிளுக்கு மாறுங்கள். கணினிகளுக்கிடையே மின் தொடர்பு இருக்காது. முனையிலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டுச் செருகுங்கள், கேபிளை மடக்காதீர்கள்.

● ஏடாட் என்ற இன்னொரு டிஜிட்டல் இணைப்பு வகைக்கும் எஸ்பிடிஃபுக்கும் ஒரே மாதிரி ஆப்டிகல் துளை இருக்கலாம். ஆனால் எஸ்பிடிஃப் 2 சேனல், ஏடாட் 8 சேனல். இரு கார்டிலும் ஒரே வகையைத் தேர்ந்தெடுங்கள்.

● முக்கியமானது கிளாக், அதாவது இரு கார்டுகளின் நேர ஒத்திசைவு. ஒலி அனுப்பும் கார்டில் ‘இன்டர்னல்’, வாங்கும் கார்டில் ‘எக்ஸ்டர்னல்’ என்று வையுங்கள். இரண்டும் ‘இன்டர்னல்’ என்றிருந்தால் அவ்வப்போது ‘டிக், டிக்’ சத்தம் பதிவாகும்.

● சாம்பிள் ரேட் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும்: 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ்.

● இருவழி இணைப்பில், வரும் ஒலியை அப்படியே திருப்பி அனுப்பும் மானிட்டரிங்கை ஒரு கணினியில் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒலி சுற்றிச் சுற்றி வந்து அலறும்.

● அனுப்பும் கணினியில் விண்டோஸ் அறிவிப்பு ஒலிகளை நிறுத்துங்கள். பாட்டின் நடுவே ‘டிங்’ விழாது.