முட்டை நாற்றம் எங்கிருந்து வருகிறது?

"போர் தண்ணி அழுகின முட்டை மாதிரி நாறுதுங்க ஐயா, குளிச்சா சொறி வருமா?" வைத்தியம் பார்க்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது.

கந்தகம் எங்களுக்குப் பழகிய சரக்கு. சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கமாட்டோம். ஆனால் உங்கள் குழாயில் வருவது கந்தகத்தின் வாடை இல்லை. சுத்தமான கந்தகக் கட்டியை மோந்து பாருங்க, வாடையே அவ்வளவாக இராது. நாறுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு. காற்றுப் புகாத இடத்தில் வாழும் சில பாக்டீரியாக்கள், நாம் பிராணவாயுவை வைத்துச் செய்கிற வேலையை சல்ஃபேட் உப்பை வைத்துச் செய்கின்றன. அவை வெளியேவிடும் கழிவுதான் இந்த வாயு. பல மாதம் இறைக்காத போர், சாக்கடை, செப்டிக் டேங்க், ஏன், நம் பெருங்குடலிலும் இவை உண்டு.

இந்தக் கூட்டத்துக்குப் பொதுவாகப் புளிப்பு ஆகாது. ஸ்பெயின் நாட்டில் ரியோ டின்டோ என்று ஒரு சிவப்பு ஆறு ஓடுகிறது. அதன் தண்ணீர் ஏறக்குறைய எலுமிச்சைச் சாறு அளவு புளிப்பு. இரும்பும் தாமிரமும் கரைந்து கிடக்கும். அந்த ஆற்றின் அடிச்சேற்றிலும், கரீபியன் கடலில் உள்ள மான்ட்செராட் என்ற எரிமலைத் தீவின் ஆற்றுச் சேற்றிலும் இருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து 2015-ல் பெயர் வைத்தார்கள்: டீசல்ஃபோஸ்போரோசைனஸ் அசிடிடூரன்ஸ். படிக்கவே மூச்சு வாங்குகிறது! கடைசிச் சொல்லுக்கு 'அமிலத்தைத் தாங்குவது' என்று பொருள். பி.எச். 3.8 வரை தாங்கும், 5.5 அதற்குச் சுகம்.

வேடிக்கை என்னவென்றால், இது சல்ஃபேட்டைக் கரைத்துக் குடிக்கக் குடிக்கச் சுற்றியிருக்கும் புளிப்பும் குறைகிறது. வெளியேவிடும் வாயு தாமிரம், துத்தநாகத்தைப் பிடித்து, கரையாத கறுப்பு வெள்ளைப் பொடியாகக் கீழே படியவைக்கிறது. சுரங்கத் தண்ணீரைச் சுத்தம் செய்ய இப்படிப்பட்ட பாக்டீரியாவை வளர்ப்பது இதனால்தான்.

உலோகத்தைப் பிடிக்கிற அந்த வாயு நம் உடம்புக்குள் போனாலும் சும்மா இராது. உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்த உதவும் ஒரு நொதியில் இரும்பும் தாமிரமும் இருக்கின்றன. அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். மூச்சு விட்டும் மூச்சில்லாத நிலை.

செப்டிக் டேங்கில் இறங்குகிறவர்கள் சாவது இப்படித்தான். "நாற்றம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பவே நம்பாதீங்க. மிகக் குறைந்த அளவிலேயே மூக்கு இந்த வாயுவைக் கண்டுபிடிக்கும். ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தொட்டதும் மூக்கு மரத்துவிடும். விஷம் ஏறியிருக்கும், வாடை தெரியாது. அது காற்றைவிடக் கனம். தொட்டியின் அடியிலேயே தங்கும். உள்ளே விழுந்தவரைத் தூக்க அண்ணன், தம்பி என்று அடுத்தடுத்து இறங்கி, ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் போன கதைகள் நம் ஊரிலேயே உண்டு. பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். லாரியை வரவழைத்து உறிஞ்சச் சொல்லுங்க. யாராவது விழுந்துவிட்டால் நீங்கள் இறங்காமல் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்க.

போர் தண்ணி கேள்விக்கு வருவோம். லேசான வாடைத் தண்ணீரில் குளிப்பதால் மட்டும் சொறி வராது. நன்றாக இறைத்துவிட்டு, தெரிந்தவரை வைத்துக் குளோரின் போடுங்க. திடீரென்று நாற ஆரம்பித்திருந்தால் பக்கத்துக் கழிவுநீர் கசிகிறதா பாருங்க. பரிசோதனை முடிவு வரும்வரை குடிக்க வேண்டாம்.