ஏஜென்டுக்குத் தண்டனை ஆகிவிட்டது, அவருடைய ரேரா பதிவு என்ன ஆகும்?

ஒரு லேஅவுட்டில் மனை பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இடம் பிடித்திருக்கிறது, பஸ் வசதி இருக்கிறது. காட்டின ஏஜென்ட் நல்லா பேசுறார், கையில் ரேரா பதிவுச் சான்றிதழும் வெச்சிருக்கார். நாளைக்குக் காலையில் டோக்கன் அட்வான்ஸ் 50,000 ரூபாய் போடணும் என்கிறார். ராத்திரி உங்க மச்சான் போன் பண்றார்: "அந்த ஆளா? சீட்டிங் கேஸ்ல தண்டனை ஆனவராச்சே, மாமா!"

தண்டனை ஆனவர் கையில் அரசு கொடுத்த பதிவு எப்படி இருக்கும்? பொய்ச் சான்றிதழாக இருக்குமோ? இல்லை, மச்சான்தான் ஆளை மாற்றிச் சொல்கிறாரோ?

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. சான்றிதழும் நிஜம், தண்டனையும் நிஜம். ஏனென்றால், கோர்ட்டில் தண்டனை ஆனதும் ஏஜென்டின் பதிவு தானாக ரத்தாகிவிடாது. யாராவது ஆணையத்தின் முன் கொண்டுபோய் வைக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் என்றால் அந்த யாராவது நீங்களாகவே இருக்கலாம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தைத்தான் நாம் 'ரேரா' என்கிறோம். அதில் ஏஜென்டுகள் பற்றிய 9, 10-ஆம் பிரிவுகள் 2017 மே 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. ரேராவில் பதிவான திட்டத்தில் மனையோ ஃபிளாட்டோ விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட், தானும் பதிவு செய்திருக்க வேண்டும். ஒரு பதிவு மாநிலம் முழுவதற்கும் செல்லும். அவர் முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் அந்தப் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும்.

பதிவை ரத்து செய்யும் அதிகாரம் 9-ஆம் பிரிவின் 7-ஆவது உட்பிரிவில் இருக்கிறது. இரண்டு காரணங்களுக்காக ஆணையம் பதிவை ரத்து செய்யலாம், அல்லது குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்தி வைக்கலாம். ஒன்று, பதிவின் நிபந்தனைகளையோ சட்டத்தையோ விதிகளையோ ஏஜென்ட் மீறியிருக்க வேண்டும். இன்னொன்று, பொய் சொல்லியோ மோசடி செய்தோ அந்தப் பதிவை வாங்கியிருக்க வேண்டும். "குற்ற வழக்கில் தண்டனை பெற்றால் பதிவு ரத்து" என்று நேரடியான வாசகம் அந்தப் பிரிவில் கிடையாது. ரத்து "செய்யலாம்" என்றுதான் இருக்கிறது, "செய்தே தீர வேண்டும்" என்று இல்லை.

மற்ற நாடுகளில் இது வேறு மாதிரி. சிங்கப்பூரில் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏஜென்ட் 'தகுதியும் நேர்மையும் உள்ளவர்' என்ற சோதனையில் தேற வேண்டும். நேர்மையின்மை, மோசடி சம்பந்தப்பட்ட குற்றத்தில் தண்டனை ஆனால் அங்கேயே மாட்டிக்கொள்வார். கலிபோர்னியாவில், தொழிலோடு நெருங்கிய தொடர்புள்ள குற்றத்தில் தண்டனை பெற்றவரின் உரிமத்தை ரத்து செய்யச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 'தொழிலோடு தொடர்புள்ள' என்ற அந்தச் சொல் நமக்கும் உதவும். பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போட்டு அபராதம் கட்டியவரும், ஒரே மனையை மூன்று பேருக்கு விற்றுத் தண்டனை ஆனவரும் ஒன்றல்ல. உங்கள் பணத்துக்கு ஆபத்து இரண்டாமவரிடம்தான்.

சரி, நம் சட்டத்தில் நேரடி வாசகம் இல்லையே, அப்போ ஒண்ணும் பண்ண முடியாதா? முடியும். தண்டனையை 9-ஆம் பிரிவு கேட்கும் மொழியில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

10-ஆம் பிரிவைப் படித்தால் வழி தெரியும். பதிவாகாத திட்டத்தை ஏஜென்ட் விற்கக் கூடாது. தனக்கோ புரமோட்டருக்கோ இல்லாத அனுமதி இருப்பதாகச் சொல்லக் கூடாது. தன் சேவையைப் பற்றித் தவறான தகவல் தரக் கூடாது. புக்கிங் சமயத்தில் வாங்குபவருக்கு உரிய ஆவணங்களும் தகவல்களும் கிடைக்க உதவ வேண்டும். கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். இப்போது கோர்ட் தீர்ப்பைப் பாருங்கள். "அப்ரூவல் இல்லாத மனையை அப்ரூவல் ஆனது என்று சொல்லி ஏமாற்றினார்" என்று நீதிமன்றமே முடிவு செய்திருந்தால், அதுவே 10-ஆம் பிரிவு மீறலுக்கும் ஆதாரம். கூடவே, சான்றிதழையும் வாங்கிப் படியுங்கள். முதல் பக்கத்தில் பெயரையும் போட்டோவையும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் நம் வழக்கம். அதில் நிபந்தனைகளும் அச்சாகியிருக்கும். தனக்குப் பொருந்தும் மற்ற சட்டங்களையும் ஏஜென்ட் மீறக் கூடாது என்பது இத்தகைய சான்றிதழ்களில் வழக்கமாக வரும் நிபந்தனை. உங்கள் ஏஜென்டின் சான்றிதழில் அந்த வரி இருந்தால், தண்டனைத் தீர்ப்பை அதற்கு நேராகக் கொண்டுபோய் வைக்கலாம்.

இனி போனை எடுங்க. மச்சான் சொன்னது உண்மையா என்று பார்க்க வேண்டாமா?

இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் என்ற அரசு ஆப் இருக்கிறது. மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் தேர்வு செய்து, வழக்கில் உள்ளவர் பெயரை வைத்துத் தேடலாம். 16 இலக்க சிஎன்ஆர் எண் தெரிந்தால் இன்னும் சுலபம், நேராக அந்த வழக்கே திறக்கும். வழக்கு நிலுவையில் இருக்கிறதா, முடிந்துவிட்டதா என்பது தெரியும். பல வழக்குகளில் தீர்ப்பையே படிக்கலாம். இங்கே ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் ஒரே பெயரில் நூறு குமார், இருநூறு செல்வம். அப்பா பெயர், ஊர், காவல் நிலையம் மூன்றும் ஒத்துப்போகாமல் முடிவுக்கு வந்துவிடாதீங்க.

எஃப்ஐஆர் என்பது தண்டனை அல்ல. கைதும் தண்டனை அல்ல. குற்றப்பத்திரிகை தாக்கலானாலும் அவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்மானித்த பிறகுதான் தண்டனை பெற்றவர். அதன் பிறகும் அப்பீல் போகலாம். அப்பீலில் சிறைத் தண்டனையை நிறுத்தி வைத்து ஜாமீன் கொடுப்பது சாதாரணம். அதனால் "ஆள் வெளியில்தானே இருக்கார்" என்பதை வைத்து வழக்கு போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அப்பீலில் விடுதலை ஆகிவிட்டாரா என்பதையும் அதே ஆப்பில் பாருங்கள்.

தீர்ப்பில் எந்தப் பிரிவு என்பதையும் கவனியுங்கள். பழைய வழக்குகளில் இந்திய தண்டனைச் சட்டம் 420 என்று வரும். ஏமாற்றிப் பணமோ சொத்தோ பறித்ததற்கு அதுதான் பிரிவு. 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த குற்றம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 318 என்று இருக்கும். பொய்ப் பத்திரம் தயாரித்ததற்குப் பழைய எண்கள் 467, 468. போலியை அசல் என்று பயன்படுத்தியதற்கு 471. மனை வாங்கும் விஷயத்தில் இவைதான் நெருப்பு.

இன்னொரு பக்கம், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் ஏஜென்டின் பெயரைத் தேடுங்கள். பதிவுபெற்ற ஏஜென்டுகளின் பெயரையும் போட்டோவையும், பதிவு மறுக்கப்பட்டவர்கள், ரத்தானவர்கள் விவரத்தையும் மக்கள் பார்க்கும்படி இணையதளத்தில் வைக்க வேண்டும் என்பது சட்டத்தின் 34-ஆம் பிரிவு ஆணையத்துக்குக் கொடுத்த வேலை. போட்டோவில் இருக்கும் முகமும் எதிரே நிற்கும் முகமும் ஒன்றா என்று பாருங்கள். அடுத்தவர் பதிவு எண்ணைத் தன் விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. பதிவுக்குக் காலக்கெடு இருக்கிறது, எனவே முடியும் தேதியையும் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் ஒத்துப்போகிறது, உங்களுக்கும் இந்த ஏஜென்டால் பாதிப்பு இருக்கிறது என்றால் 31-ஆம் பிரிவில் ஆணையத்துக்குப் புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்களே கொடுக்கலாம். புகாரில் கோபத்தைக் குறைத்து, தேதிகளைக் கூட்டுங்கள். எந்த நாள் எந்த மனையைக் காட்டினார், என்ன சொன்னார், எவ்வளவு பணம் யார் கணக்குக்குப் போனது, அவர் பதிவு எண் என்ன, 10-ஆம் பிரிவில் எதை மீறினார், சான்றிதழின் எந்த நிபந்தனையை மீறினார். தீர்ப்பின் சான்றிட்ட நகலை இணைப்பது நல்லது. நீங்கள் அந்த வழக்கில் இல்லாதவர் என்றால், காரணம் சொல்லி நகல் மனு போட்டு நீதிமன்றத்தின் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். கடைசியில் கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேளுங்கள்: "9(7)-ன்படி பதிவை ரத்து செய்ய வேண்டும், விசாரணை முடியும் வரை 36-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு வேண்டும்." இடைக்கால உத்தரவைப் பலர் கேட்பதே இல்லை. விசாரணை நடக்கும் மாதங்களில் அவர் இன்னும் பத்துப் பேரிடம் டோக்கன் வாங்கிக்கொண்டிருக்கலாம்.

ஏஜென்டின் பேச்சைக் கேட்காமல் பதிவை ரத்து செய்ய முடியாது. தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்தே ஆக வேண்டும். உங்களுக்கு அது இழுத்தடிப்பாகத் தெரியலாம். ஆனால் ஒருவருடைய பிழைப்பில் கை வைக்கும்போது அந்த நிதானம் வேண்டும். அவர் வாய்ப்பைக் கேட்டும் கொடுக்காமல் போட்ட உத்தரவு அப்பீலில் நிற்காது. உத்தரவு கையில் கிடைத்த 60 நாட்களுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அந்த உரிமை அவருக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு.

9, 10-ஆம் பிரிவுகளை மீறும் ஏஜென்டுக்கு அபராதமும் உண்டு. மீறல் தொடரும் ஒவ்வொரு நாளும் 10,000 ரூபாய். அவர் விற்றுக் கொடுத்த சொத்தின் மதிப்பில் 5 சதவீதம் வரை போகலாம். 20 லட்சம் ரூபாய் மனை என்றால் பத்தே நாளில் ஒரு லட்சம் என்ற உச்சத்தைத் தொட்டுவிடும். ஆனால் அந்தப் பணம் உங்களுக்கு வராது, அரசுக்குப் போகும். பதிவு ரத்தானாலும் நீங்கள் கொடுத்த அட்வான்ஸ் தானாகத் திரும்பாது. அதைத் திரும்ப வாங்குவது தனி வேலை. அதனால்தான் அட்வான்ஸை ஏஜென்டின் சொந்த ஜிபே எண்ணுக்கு அனுப்பாதீங்க என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். புரமோட்டரின் வங்கிக் கணக்குக்கே அனுப்பி ரசீது வாங்குங்கள். விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் புரமோட்டர் வாங்கக் கூடாது என்று சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து பழைய வீட்டையும் தனி மனையையும் கைமாற்றி விடும் புரோக்கர் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார். 500 சதுர மீட்டருக்கு மிகாத இடத்திலோ, 8 வீடுகளுக்கு மிகாமலோ கட்டும் திட்டங்களுக்கும் ரேரா பதிவு கட்டாயம் இல்லை. அங்கே ரத்து செய்யப் பதிவே கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் ஏமாந்தால் போலீஸ்தான் வழி. மாநகரங்களில் மத்திய குற்றப்பிரிவு, மாவட்டங்களில் மாவட்ட குற்றப்பிரிவு. ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்தது தெரிந்தால் உடனே 1930-க்குப் போன் போடுங்க, தாமதித்தால் பணம் கைமாறிக்கொண்டே போகும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100-ஐ அழைத்து இலவச சட்ட உதவி கேட்கலாம்.

தீர்ப்பு நகல் கிடைத்ததும் அதைப் போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போடத் தோன்றும். பொறுங்க. ஆள் மாறிப்போயிருந்தாலோ அப்பீலில் விடுதலையாகியிருந்தாலோ அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும். ஆணையத்தில் கொடுத்த புகாரின் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், விசாரணைத் தேதியை அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மச்சானுக்குப் போன் போட்டு அந்த வழக்கு எந்த ஊர் கோர்ட்டில் நடந்தது என்று கேளுங்க. ஏஜென்டிடம், "ரெண்டு நாள் டைம் கொடுங்க, வீட்டுல பேசணும்" என்று சொல்லுங்க.