நோயுற்று வந்த பூனையைப் பேணும் முறை

விதைநெல் சேமித்த வீட்டில் எலி பெருகினால் இழப்பு நெல்லோடு முடிவதில்லை. எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவுகின்றது. 2024ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் யாழ்ப்பாண மாவட்டத்தில் இந்நோயால் உயிரிழப்புகள் நேர்ந்தன. பூனை எலியை அடியோடு ஒழித்துவிடாது. எனினும் கமக்காரரின் வளவில் அது நிற்பது நன்மையே. உரிமையாளரின்றி வந்து சேரும் பூனை சிலவேளை கடும் நோயோடு வருகின்றது. நெடுந்தீவில் கடல் கொந்தளிக்கும் நாளில் படகு ஓடாது. ஆதலால் மிருக வைத்தியரைக் காணும்வரை செய்யவேண்டியவற்றைக் கமக்காரர் அறிந்திருத்தல் அவசியம்.

1. முதலில் தற்காப்பு

காரணமின்றிச் சீறிப் பாய்வது, விழுங்க இயலாது உமிழ்நீர் ஒழுக்குவது, தள்ளாடி நடப்பது ஆகிய குறிகளுள்ள பூனையைத் தொடலாகாது. அது விசர் நோயாக இருக்கலாம். கடியோ கீறலோ பட்டால் அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்க. மற்றப் பூனைகளையும் தடித்த சாக்கினால் போர்த்தியே தூக்குக.

2. நோயை அறிதல்

தடுப்பூசி பெறாத பூனைகளை, விசேடமாகக் குட்டிகளை, கொல்லும் வைரசு நோய் ஒன்று உண்டு. அது குடலையும் இரத்தத்தின் வெள்ளணுக்களையும் அழிக்கின்றது. காய்ச்சல், வாந்தி, துர்நாற்றமுள்ள கழிச்சல், நீர்ப் பாத்திரத்தின் அருகே குடியாது குந்தியிருத்தல் ஆகியன அதன் குறிகள். இந்நோய் மனிதருக்குத் தொற்றாது. வைரசைக் கொல்லும் மருந்து வழக்கில் இல்லை. உடல் தானே எதிர்த்து வெல்லும்வரை நீரிழப்பைத் தடுப்பதே சிகிச்சையின் அடிப்படை. தோளின்மேல் தோலைக் கிள்ளி விடுக. அது உடனே படியாது மெல்லப் படிந்தால் உடலில் நீர் குறைந்துவிட்டது என அறிக.

3. இடமும் வெப்பமும்

மற்றப் பூனைகள் அணுகாத, காற்றுப் படாத தனிக் கொட்டிலில் பழந்துணி விரித்துக் கிடத்துக. குளிர்ந்த உடலுக்கு, வெந்நீர்ப் போத்தலைத் துணியிற் சுற்றி அருகே வைக்க.

4. நீரும் உணவும்

தீவின் பல கிணறுகளில் நீர் உவர்; நன்னீரையே பயன்படுத்துக. ஒரு பொதி ஜீவனியை, கொதித்து ஆறிய ஒரு லீற்றர் நன்னீரிற் கரைத்து, ஊசி நீக்கிய சிறிஞ்சினால் கடைவாயோரம் மெதுவாக விடுக. வளர்ந்த பூனைக்கு அரைமணிக்கொருமுறை ஒரு தேக்கரண்டி (5 மி.லீ.), குட்டிக்கு அதிற் பாதி. வாந்தி எடுத்தால் ஒரு மணி நேரம் நிறுத்திச் சில துளிகளாய்த் தொடங்குக. மயங்கிக் கிடக்கும் பூனைக்கு வாயால் எதுவும் கொடுத்தலாகாது. கரைசலை 24 மணிக்குப் பின் ஊற்றிவிடுக. வாந்தி நின்றபின் முள் நீக்கிய அவித்த மீனை, உப்பும் மிளகாயும் சேராது, சிறிது சிறிதாகக் கொடுக்க.

5. கொடுக்கத் தகாதவை

பனடோல் முதலிய மனிதர் மாத்திரைகள் பூனையைக் கொல்லும். ஒரு மாத்திரையே போதும். வெங்காயம் அதன் செங்குருதி அணுக்களைச் சிதைக்கும். பசுப்பால் கழிச்சலை மிகுவிக்கும். உண்ணி போக்கப் பயிர்ப் பூச்சிமருந்தைப் பூசலாகாது.

6. வைத்தியரிடம் செல்லல்

வாந்தி ஓயாவிடினும், கழிச்சலில் இரத்தம் தோன்றினும், முரசு வெளிறினும் காலந் தாழ்த்தலாகாது. தீவில் மிருக வைத்தியர் இல்லாத நாளில், காற்றுப் புகும் மூடிய பெட்டியில் இட்டு, குறிகட்டுவானுக்குப் படகேறி, புங்குடுதீவு, வேலணை வழியே யாழ்ப்பாணம் செல்க. வளவில் எலிப்பாஷாணமோ பூச்சிமருந்தோ இட்டிருந்தால் அதன் பெயரையும் இட்ட நாளையும் வைத்தியரிடம் தவறாது கூறுக. நஞ்சுக்குரிய சிகிச்சை வேறு.

7. பின்னர் செய்யவேண்டியவை

இவ்வைரசு கொட்டிலில் ஓராண்டு வரையும் உயிர்த்திருக்கக் கூடும். கழிவையும் துணியையும் எரித்து, ஒரு பங்கு குளோரின் வெளிற்றுத் திரவத்தை 32 பங்கு நீரிற் கலந்து நிலத்தைக் கழுவி, 10 நிமிடம் ஈரமாய் இருக்க விடுக. தடுப்பூசி பெறாத குட்டியை அங்கே விடாதிருக்க. பிழைத்த பூனைக்கு வைத்தியர் குறிக்கும் நாளில் விசர் நோய்த் தடுப்பூசி இடுவிக்க.

எல்லாப் பூனையும் பிழையாது. எனினும் முதல் இரு நாட்களில் ஊட்டும் நன்னீரே பல உயிர்களை மீட்கும்.