சத்தத்தை மெஷினிலேயே அடக்குங்கள்

ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ முடித்து கோவை, ஓசூர், அம்பத்தூர் பக்கம் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பவுண்டரி, பிரஸ் ஷாப், தறிக்கூடம், நூற்பாலை எதுவானாலும் முதல் நாளே யாராவது, “நாலு நாள் போனால் சத்தம் பழகிவிடும்” என்பார்கள். நம்பாதீர்கள். காது மெல்ல மங்கிவருவதைத்தான் பழகிவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம். வேலைக்காலம் முழுக்க மெஷின்களோடு இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இரைச்சலை மெஷினின் இயல்பு என்று விட்டுவிட வேண்டியதில்லை. பெரும்பாலும் அது யாரோ செய்யாமல் விட்ட வேலை. அதைச் செய்து முடிக்க வேண்டியவர்கள் நீங்கள்.

1. காது எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

உள்காதில் சுருண்டிருக்கும் குழலுக்குள் சுமார் 15,000 நுண்மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புக்குக் கொண்டுசேர்ப்பவை இவைதான். பலத்த சத்தத்தில் இவை காற்றில் சாய்ந்த நாற்றுப்போலத் துவளும். ஓய்வு கிடைத்தால் நிமிரும். நாள் தவறாமல் அடி விழுந்தால் பட்டுப்போகும். மனிதக் காதில் இவை மறுபடி முளைப்பதில்லை. இழந்ததைத் திருப்பித் தரும் மருந்தும் இன்றுவரை இல்லை.

முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கூர்மையான ஒலிகள். அதனால் தொடக்கத்தில் தனக்குக் காது கேட்கவில்லை என்று யாருக்கும் தோன்றாது. பேச்சு காதில் விழும், சொல் தெளிவாக விழாது. குழந்தையின் மெல்லிய குரல் நழுவும். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது புரியாது. வீட்டில் டி.வி. சத்தம் ஏறிக்கொண்டே போகும். வலியோ ரத்தமோ இல்லாததால் பல ஆண்டு கழித்தே விஷயம் வெளிச்சத்துக்கு வரும்.

2. டெசிபலை ரூபாய்க் கணக்குப்போலக் கூட்டாதீர்கள்.

90 டெசிபல் மெஷினுக்குப் பக்கத்தில் இன்னொரு 90 டெசிபல் மெஷினை ஓட்டினால் மொத்தம் 180 ஆகாது, 93தான் ஆகும். 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பு. 10 கூடினால் பத்து மடங்கு. “மூணுதானே குறைந்தது” என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால், காதில் விழும் சுமை பாதியாகிவிட்டது என்று விளக்குங்கள். இன்னொன்று: 90 டெசிபல் மெஷினும் 80 டெசிபல் மெஷினும் சேர்ந்து ஓடினால் மொத்தம் 90-ஐக் கொஞ்சமே தாண்டும். அங்கே 80-ஐக் குறைக்கப் பாடுபடுவது வீண். அதிகம் கத்துவது எதுவோ அதில் முதலில் கைவையுங்கள்.

3. கருவி இல்லாவிட்டாலும் அளக்கலாம்.

கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால், அங்கே சத்தம் 85 டெசிபலை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறது. ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் காதில் “கொய்ங்” என்று ரீங்காரம் கேட்டால், பஞ்சு அடைத்ததுபோல மந்தமாக இருந்தால், அன்று காது அளவுக்கு மீறி வாங்கியிருக்கிறது. போன் செயலி உத்தேசமாகக் காட்டும். அதை வைத்து முடிவு எடுக்காதீர்கள். ஒலிமானி கிடைத்தால் ஆள் நிற்கும் இடத்தில், அவர் காது உயரத்தில், மெஷின் முழுச் சுமையில் ஓடும்போது அளந்து எழுதிவையுங்கள்.

4. சட்டத்தின் எல்லையோடு நின்றுவிடாதீர்கள்.

நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று எல்லை வைத்தன. தொடர் சத்தம் 115-ஐத் தாண்டவே கூடாது என்றன. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் இன்னும் கறாராக 85 என்கிறது. அதற்குமேல் 3 கூடும்போதெல்லாம் நேரத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்கிறது. அந்தக் கணக்கில் 88-க்கு 4 மணி நேரம், 91-க்கு 2 மணி நேரம், 100-க்கு வெறும் 15 நிமிடம். உங்கள் காதுக்கு இந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தால் காது கெடுவது புதிதாகக் கண்டுபிடித்த நோய் அல்ல. 1886-இல் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற மருத்துவர் 100 பாய்லர் தொழிலாளர்களின் காதைச் சோதித்தார். அவர்களில் பெரும்பாலோருக்குப் பொதுக்கூட்டத்தில் பேசுவதைக் கேட்பதே பெரும்பாடாக இருந்தது. நம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையும் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பை அறிவிக்கவேண்டிய நோயாகச் சேர்த்தது. இரைச்சலால் காது போவது தொழில்நோய். அதைத் தலைவிதி என்று யாரும் ஏற்க வேண்டாம்.

5. சத்தம் எங்கே பிறக்கிறது என்று தேடுங்கள்.

மெஷின் மொத்தமாகக் கத்துவதுபோலத் தோன்றும். ஒவ்வொரு பகுதியாக நிறுத்திப் பாருங்கள்: ஃபேனை நிறுத்தினால் எவ்வளவு குறைகிறது, காற்றை மூடினால் எவ்வளவு, லோடு இல்லாமல் ஓட்டினால் எவ்வளவு. தேய்ந்த பேரிங், அலைன்மென்ட் தப்பிய கப்ளிங், பேலன்ஸ் போன ஃபேன், போல்ட் கழன்று அதிரும் கார்டு தகடு என்று பாதி வழக்குகள் ஸ்பேனரிலேயே தீரும். பெரிய தகடு அதிர்ந்தால் அதன்மேல் அதிர்வு தாங்கும் ஷீட் ஒட்டுங்கள்; இடமிருந்தால் தகட்டுக்குப் பதில் கம்பிவலை போடுங்கள். அதிரும் மெஷினுக்கு அடியில் எடைக்கு ஏற்ற ரப்பர் மவுன்ட் வையுங்கள். மவுன்ட் வைத்துவிட்டுப் பைப்பை இறுக்கமாக இணைத்தால் அதிர்வு பைப் வழியே சுவருக்குப் போய்விடும். அங்கே நெகிழும் இணைப்பு வேண்டும்.

6. காற்றுக் குழாயை முதல் எதிரியாக எண்ணுங்கள்.

பட்டறைகளில் காதைக் கிழிப்பது பல நேரம் கம்ப்ரெசர் காற்றுதான். பீய்ச்சும் காற்றின் ஒலியாற்றல் அதன் வேகத்தின் எட்டாம் மடியில் ஏறும் என்று 1952-இல் லைட்ஹில் என்ற கணிதவியலாளர் நிறுவினார். வேகத்தைப் பாதியாக்கினால் கணக்குப்படி 24 டெசிபல் குறையும். ஆகவே பிசிறு ஊத 7 பார் காற்றைத் திறந்த குழாயில் விடாதீர்கள். ரெகுலேட்டர் வைத்து அழுத்தத்தை இறக்குங்கள், சத்தம் குறைக்கும் நாசில் மாட்டுங்கள். நியூமேட்டிக் வால்வின் வெளியேற்றும் வாயில் சிறு சைலன்சர் திருகுங்கள். அது அடைத்துக்கொண்டால் கழற்றி வீசாமல் சுத்தம் செய்து மாட்டுங்கள். லீக்கை அடையுங்கள். லீக் அடைத்தால் மின்கட்டணமும் இறங்கும் என்பதால் முதலாளியும் மறுக்க மாட்டார்.

7. இரும்பின்மேல் இரும்பு விழ விடாதீர்கள்.

காஸ்டிங்கும் பிரஸ் துண்டும் உயரத்திலிருந்து தகரப் பெட்டியில் விழும் சத்தம் காதுக்குக் கொடியது. விழும் உயரத்தைக் குறையுங்கள். சரிவிலும் பெட்டியிலும் தடித்த ரப்பர் ஒட்டுங்கள். பிரஸ் டூலில் பஞ்ச் முகத்துக்குச் சாய்வு கொடுத்தால் தகடு ஒரே அடியில் வெட்டுப்படாமல் சிறுகச் சிறுக வெட்டுப்படும். அதிர்ச்சியும் சத்தமும் தணியும். டூல் ரூம் ஆட்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.

8. கூண்டு போட்டால் ஒழுங்காகப் போடுங்கள்.

கூண்டின் பரப்பில் 10 சதவீதம் திறந்திருந்தால், சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் 10 டெசிபலுக்குமேல் குறையாது. 1 சதவீதம் திறந்திருந்தால் 20-தான் உச்சம். கதவு இடுக்குக்கு ரப்பர் சீல் வேண்டும். உள்ளே கிளாஸ் வூலோ ராக் வூலோ பதிக்க வேண்டும். வெறும் தகரக் கூண்டுக்குள் சத்தம் சுற்றிச் சுற்றிப் பெருகும். சூடு வெளியேறச் சத்தம் உறிஞ்சும் வழி அமையுங்கள். ஆபரேட்டர் உள்ளே பார்க்கக் கண்ணாடியும், கைவைக்க எளிதில் திறக்கும் கதவும் கொடுங்கள். வேலைக்கு இடைஞ்சலாக இருக்கும் கூண்டை ஒரே வாரத்தில் கழற்றிச் சுவரோரம் சாத்திவிடுவார்கள்.

9. மெஷின் வாங்கும்போதே வாய் திறந்து கேளுங்கள்.

ஆபரேட்டர் நிற்கும் இடத்தில் எத்தனை டெசிபல் என்று விற்பவரிடம் எழுதித் தரச் சொல்லுங்கள். அது விலைப்பட்டியலோடு சேர்ந்து வரட்டும். ஃபேன் வாங்கும்போது சிறியதை வேகமாகச் சுற்றுவதைவிடப் பெரியதை நிதானமாகச் சுற்றுவது மேல். ஏற்கெனவே இருக்கும் ஃபேனின் வேகத்தை 20 சதவீதம் குறைக்க முடிந்தால் ஏறக்குறைய 5 டெசிபல் இறங்கும்.

10. இயர் பிளக் கடைசி வழி. ஆனால் போட்டால் முழு நேரமும் போடுங்கள்.

மேலே சொன்னதெல்லாம் செய்தும் சத்தம் மிஞ்சினால் காதை மூடத்தான் வேண்டும்; அவற்றைச் செய்து முடிக்கும்வரையிலும் மூட வேண்டும். பஞ்சும் துணியும் உதவாது. ஃபோம் பிளக்கைச் சுத்தமான விரலால் மெல்லிய திரியாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் பிடித்திருங்கள். 8 மணி நேர ஷிப்டில் 48 நிமிடம் கழற்றிவைத்தால், எவ்வளவு நல்ல பிளக்கானாலும் 10 டெசிபலுக்குமேல் பயன் தராது. பாதி நேரம் கழற்றினால் 3 டெசிபல்தான். பேச வேண்டுமென்றால் அமைதியான இடத்துக்குப் போய்க் கழற்றுங்கள்.

11. காதுப் பரிசோதனைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

வேலையில் சேரும்போதே ஆடியோகிராம் எடுக்கக் கேளுங்கள். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. முதல் சோதனைக்கு முன் 14 மணி நேரம் சத்தத்தில் இல்லாமல் இருக்க வேண்டும். நகலை வீட்டில் வையுங்கள். இழப்பீடு கேட்க நேர்ந்தால் பேசப்போவது அந்தத் தாள்தான். பெயின்ட் பிரிவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: டொலுவீன் போன்ற கரைப்பான்களின் ஆவியும் காதைக் கெடுக்கும், சத்தமும் சேர்ந்தால் கேடு அதிகம்.

12. உங்களுக்குக் கீழே இருப்பவர்களின் காதும் உங்கள் பொறுப்பு.

ஃபெட்லிங்கில் கிரைண்டர் பிடிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும், மொழி தெரியாமல் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து நிற்கும் பையனுக்கும் இவற்றைச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். நீங்கள் சொல்லுங்கள், செய்து காட்டுங்கள். நாளைக்கு வேலைக்குப் போனதும் உங்கள் பிரிவில் அதிகம் கத்தும் மெஷின் எது என்று பாருங்கள். இந்த மாதத்துக்குள் அதன் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள்.