பாரம் தாழட்டும்; பாதுகாப்பு உயரட்டும்

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்துக் கேள்விகளுக்கு விடையளித்திடுக.

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில் அமைந்துள்ள செலண்டார், தோட்டங்கள் சூழ்ந்த ஊராகும். 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்பவர் வணிக நோக்கத்தோடு ரப்பர் பயிரிட்ட புக்கிட் லிந்தாங்கும் இதே மாநிலத்தில்தான் உள்ளது. அதன்பின் பல தலைமுறைகளாகத் தமிழர்கள் இம்மாநிலத் தோட்டங்களில் பால்மரம் சீவினர். இன்று அத்தோட்டங்கள் பலவற்றில் செம்பனை மரங்களே நிற்கின்றன. பயிர் மாறியதும் வேலையும் மாறியது. பால்வாளி சுமந்த பாதையில் இப்போது டிராக்டர் ஓடுகிறது.

செம்பனைக் குலை ஒன்று 10 முதல் 25 கிலோகிராம் வரை எடை இருக்கும். முதிர்ந்த மரத்தின் குலை இன்னும் கனமாக இருப்பதுண்டு. முன்பு தொழிலாளர்கள் இக்குலைகளைக் கம்பியால் குத்தித் தூக்கி வண்டியில் ஏற்றினர். இன்று பல தோட்டங்களில், டிராக்டருடன் பொருத்தப்பட்ட கவ்வி குலைகளைப் பற்றித் தூக்கி டிரெய்லரில் போடுகிறது. இதனால் முதுகுவலி குறைந்தது; வேலையும் விரைந்து முடிகிறது. அறுத்த குலைகள் 24 மணி நேரத்திற்குள் ஆலையைச் சேர வேண்டும். தாமதமானால் எண்ணெயில் அமிலத்தன்மை கூடி, அதன் தரம் குறையும். ஆகவே, ஓட்டுநருக்கு எப்போதும் அவசரம். அந்த அவசரமே பல விபத்துகளுக்கு வழிவகுக்கிறது.

இச்சிக்கல் செம்பனைத் தோட்டத்திற்கு மட்டும் உரியதன்று. கெடாவின் மூடா நெல்வயல்களில் வைக்கோலைக் கட்டுகளாக்குகின்றனர். ஐரோப்பா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய இடங்களில் புல்லை உலர்த்தி, பெரிய உருளைக்கட்டுகளாகச் சுருட்டுகின்றனர். அத்தகைய கட்டு ஒன்று 300 கிலோகிராமுக்கும் மேல் எடை இருக்கலாம். டிராக்டரின் முன்புறத் தூக்கியில் அதை மிக உயரத்தில் தூக்கிப் பின்பக்கம் சாய்த்தால், கட்டு தூக்கியின் கைகள் வழியே உருண்டு ஓட்டுநர் மீதே விழக்கூடும். கட்டை இறுகப் பற்றும் கருவியைப் பயன்படுத்துவதும் அதைத் தாழ்வாக வைத்திருப்பதுமே இதற்குத் தீர்வாகும்.

பாரம் உயர்ந்தால் டிராக்டர் ஏன் கவிழ்கிறது? பல டிராக்டர்களில் முன் அச்சு, அதன் நடுவே உள்ள ஒரு புள்ளியில் அசையுமாறு பொருத்தப்பட்டிருக்கும். அந்தப் புள்ளியையும் இரு பின்சக்கரங்களையும் கோடுகளால் இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். வண்டியின் ஈர்ப்பு மையம் இந்த முக்கோணத்தின் மேல் இருக்கும்வரை வண்டி நிலையாக நிற்கும். பாரத்தைத் தூக்கத் தூக்க, ஈர்ப்பு மையமும் உயர்கிறது. அப்போது சிறிய சரிவோ குழியோ திடீர்த் திருப்பமோ போதும், ஈர்ப்பு மையம் முக்கோணத்தை விட்டு வெளியேறும், வண்டி கவிழும். கவிழத் தொடங்கிய வண்டியிலிருந்து குதித்துத் தப்பலாம் என்று எண்ணுவது தவறு. அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அதனால்தான் ஓட்டுநரின் இருக்கைக்கு மேல் உறுதியான இரும்புச் சட்டகம் பொருத்தப்படுகிறது. 1959ஆம் ஆண்டிலேயே சுவீடன் நாடு புதிய டிராக்டர்களுக்கு இச்சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. வண்டி கவிழ்ந்தாலும் சட்டகம் ஓட்டுநர் நசுங்காமல் காக்கும். ஆனால், இருக்கைப் பட்டை அணியாதவர் சட்டகத்திற்கு வெளியே தூக்கி எறியப்படலாம். எனவே, சட்டகமும் பட்டையும் இணைந்தே உயிரைக் காக்கின்றன.

பாதுகாப்பாக இயக்க விரும்பும் ஓட்டுநர், வேலைக்கு முன்பே சக்கரக் காற்று, பிரேக், இணைப்பு ஊசிகள் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். முன்புறம் பாரம் தூக்கும் வண்டிக்குப் பின்புற எதிர் எடை தேவை. வண்டி நகரும்போது கவ்வியை மடக்கியும் பாரத்தைத் தாழ்த்தியும் வைக்க வேண்டும். கவ்வி சுழலும் எல்லைக்குள் ஒருவரும் நிற்கக்கூடாது. குலைகளைப் பொறுக்குவோர் ஓட்டுநரின் கண்ணில் படும் இடத்திலேயே இருக்க வேண்டும். கவ்வியை உயர்த்தும் முன், தலைக்கு மேல் மின்கம்பி செல்கிறதா என்று பார்ப்பது அவசியம். டிரெய்லரிலோ சக்கர மறைப்பின் மீதோ யாரையும் ஏற்றிச் செல்லக்கூடாது.

கவ்வியில் மட்டையோ குலையோ சிக்கிக்கொண்டால், அதைத் தரையில் இறக்கி, இயந்திரத்தை நிறுத்தி, சாவியை எடுத்த பின்னரே கையால் தொட வேண்டும். பல டிராக்டர்களில் பின்புறச் சுழல்தண்டு நிமிடத்திற்கு 540 முறை, அதாவது ஒரு வினாடியில் 9 முறை சுழல்கிறது. சட்டையின் நுனி அதில் மாட்டினால் இழுத்துக்கொள்ள நேரமிருக்காது. ஹைட்ராலிக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும் ஆபத்து. ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கசிவை அட்டைத் துண்டால் சோதிப்பதே முறை.

பாதுகாப்பு ஓட்டுநரின் பொறுப்பு மட்டுமன்று. 1994ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி, பாதுகாப்பான இயந்திரத்தையும் தகுந்த பயிற்சியையும் வழங்குவது முதலாளியின் கடமை. 1 ஜூன் 2024 முதல் நடப்புக்கு வந்த திருத்தம், உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தகுந்த காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையைத் தொழிலாளருக்கு வழங்குகிறது. “இந்தச் சரிவில் வண்டி ஏறாது” என்று சொல்வது சோம்பலன்று, அஃது அறிவுடைமை. குலை சற்றுத் தாமதமானால் எண்ணெயின் தரம்தான் குறையும். ஓட்டுநரோ மாலையில் வீடு திரும்ப வேண்டியவர்.

கேள்விகள்

1. செம்பனைக் குலைகள் 24 மணி நேரத்திற்குள் ஆலையைச் சேர வேண்டியதன் காரணம் யாது?
2. பாரம் உயர்ந்தால் டிராக்டர் கவிழும் வாய்ப்பு கூடுவது ஏன்? முக்கோணப் படம் வரைந்து விளக்கிடுக.
3. இருக்கைப் பட்டை அணியாதவருக்கு இரும்புச் சட்டகம் முழுப் பாதுகாப்பு தராது. ஏன்?
4. ‘வழிவகு’, ‘அறிவுடைமை’ ஆகிய சொற்களைக் கொண்டு வாக்கியம் அமைத்திடுக.
5. சரிவான பாதையில் நிறைந்த டிரெய்லரை ஓட்டும்படி மேற்பார்வையாளர் அவசரப்படுத்துகிறார். நீ ஓட்டுநராக இருந்தால் அவரிடம் என்ன கூறுவாய்? உரையாடலாக எழுதிடுக.