விசுவாசமும் கீழ்ப்படிதலும்

படப்பையினின்று ஒரகடம் வழியாய்ச் செல்வோர், ஆலைகள் பலவற்றைக் கடந்து, இராமாநுசர் பிறந்த திருப்பெரும்பூதூரை அடைகின்றனர். அவர் மரபினருள் பிற்காலத்தெழுந்த வழக்கொன்றுண்டு: ஆன்மா குரங்குக்குட்டிபோல் தாயைப் பற்றவேண்டுமோ, பூனைக்குட்டிபோல் தாயாற் கவ்வப்படுமோ என்பது. முன்னது வடகலையார் கொள்கை, பின்னது தென்கலையாரது.

நம் வேதத்திலும் இத்தகைய வழக்குளதென்பர் சிலர். ஆபிரகாம் நீதிமானானது விசுவாசத்தினால் என்றார் பவுல். கிரியைகளினாலும் என்றார் யாக்கோபு. இருவரும் எடுத்தாள்வதோ ஆதியாகமம் 15-ஆம் அதிகாரத்து ஒரே வசனம்! முரணாமோ? அதிகார முறையை நோக்குக. விருத்தசேதனம் 17-ஆம் அதிகாரத்தது; நீதி அதற்கு முந்தியதென்று பவுல் வாதிக்கிறார். ஈசாக்கைப் பலிபீடத்திற் கிடத்தியது 22-ஆம் அதிகாரத்தது. முன்னைய விசுவாசம் ஆண்டு நிறைவுற்றதென்கிறார் யாக்கோபு. அன்றியும், பவுல் சடங்கை நம்புவோனை மறுக்கிறார். யாக்கோபு பசித்த சகோதரனை வெறுங்கையாய் அனுப்பும் விசுவாசியைக் கடிகிறார்.

இது வெறும் ஏட்டு வழக்கன்று. சிசுப்பருவத்து ஞானஸ்நானமே போதுமென்றிருக்கும் நம்மனோர் எத்தனை பேர்! (யாமும் அவருள் ஒருவரே.)

வைணவக் குடியிற் பிறந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற கிருஷ்ண பிள்ளை, பனியனைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ இயற்றினார். அக்கதையில் யாத்திரிகனது பாவச்சுமை சிலுவையடியில் தானே வீழ்கின்றது. அவன் நடக்கவேண்டிய வழியிற் பெரும்பகுதியோ அதற்கப்பாலே உளது.