மலத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் மூட்டைகள் இறங்குவதைப் பார்த்து வளர்ந்த கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் மருந்தியல் படித்து ஆய்வகம் வருகிறார்கள். "ஐயா, வாய்வழி கொடுத்ததில் எவ்வளவு உடம்பில் சேர்ந்தது?" என்று கேட்கிறார்கள். மருந்தில் கதிரியக்கக் குறி ஏற்றி, எலிக்குக் கொடுத்து, அந்தக் குறியைப் பின்தொடர்ந்துதான் இதற்கு விடை காண்கிறோம். கணக்கு பிசகும் இடங்களைச் சொல்கிறேன்.

1. உறிஞ்சப்பட்டது வேறு, உடம்பெங்கும் சுற்றுவது வேறு. குடல் சுவரைத் தாண்டிய மருந்து முதலில் கல்லீரலுக்குப் போகிறது, அங்கேயே உருமாறிவிடலாம். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் (சி.எஃப்.டி.ஆர்.ஐ.) விஜயலட்சுமி ரவீந்திரநாத்தும் சந்திரசேகராவும் 1980இல் எலிக்கு வாய்வழியாக 400 மி.கி. குர்குமின் (மஞ்சளின் நிறப்பொருள்) கொடுத்தார்கள். இதய ரத்தத்தில் அது தென்படவில்லை. கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் துளி இருந்தது. ஆனாலும் சுமார் 60 விழுக்காடு உறிஞ்சப்பட்டதாகவே கணக்கு வந்தது. பிறகு ட்ரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) குறியோடு செய்தபோது 60 முதல் 66 விழுக்காடு.

2. மலத்தில் வந்ததெல்லாம் உறிஞ்சப்படாதது அல்ல. குறியேற்றிய குர்குமினை வயிற்றறைக்குள் ஊசியாகப் போட்ட 1978ஆம் ஆண்டு ஆய்விலும் பெரும்பகுதி மலத்தில்தான் வந்தது. கல்லீரல் அதைப் பித்தநீரில் விட்டிருக்கிறது. எலிக்குப் பித்தப்பை கிடையாது. பித்தநீர் குடலில் வடிந்தபடியே இருக்கும்.

3. சிரையில் ஊசி போட்ட எலிகளையும் சேர்த்தே வையுங்கள். வாய்வழி டோஸில் 18 விழுக்காடும் சிரைவழி டோஸில் 30 விழுக்காடும் சிறுநீரில் வந்தால், 18ஐ 30ஆல் வகுக்க 60 விழுக்காடு. உடம்புக்குள் போனபின் இரண்டும் ஒரே வழியில் வெளியேறினால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

4. அதைச் சரிபார்க்க, பித்தக் குழாயில் மெல்லிய குழாய் செருகிய எலிகள் வேண்டும். அவற்றுக்கு வாய்வழி கொடுத்ததில் சிறுநீரில் 18 விழுக்காடு, பித்தநீரில் 38, உடலில் 4 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் அதே 60. இரண்டு வழியும் ஒத்துப்போனால் தைரியமாக எழுதுங்கள்.

5. குறி எந்த அணுவில் இருக்கிறது என்று பாருங்கள். ட்ரிட்டியம் கழன்று தண்ணீரோடு சேர்ந்துவிட்டால் நீங்கள் எண்ணுவது மருந்தை அல்ல. நம் கடுக்காயின் துவர்ப்புச் சத்தைக் குடல் பாக்டீரியா சிதைத்து யூரோலித்தின் என்ற வேறு பொருளாக்குகின்றன. அதுதான் உள்ளே போய்ச் சிறுநீரில் வருகிறது. குறி எண்ணிக்கை மட்டும் இந்த வேறுபாட்டைக் காட்டாது. பொருளைப் பிரித்தும் பாருங்கள்.

6. வராத பங்கைத் தேடுங்கள். கூண்டு கழுவிய நீர், தோலும் எலும்பும், கார்பன்-14 என்றால் மூச்சுக்காற்றும் கணக்கில் சேரும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு எலியின் மொத்தக் கணக்கு 70 விழுக்காட்டைத் தாண்டவில்லை. மருந்து எங்கோ உடலில் தங்கிவிட்டது என்று எழுதப் போனேன். மூத்தவர் ஒருவர் சிறுநீர்ப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்: அடர் மஞ்சள். குறியை எண்ணும் கருவி பார்க்க வேண்டிய நீல ஒளியை அந்த நிறம் விழுங்கியிருந்தது. நிறத்துக்குத் திருத்தம் செய்ததும் 90ஐத் தாண்டியது.

7. எலியின் எண்ணை மனிதருக்கு அப்படியே சொல்லாதீர்கள். 200 கிராம் எலிக்கு 400 மி.கி. என்றால், எடைக்கு எடை 60 கிலோ மனிதருக்கு 120 கிராம் ஆகிறது. அந்த அளவை யாரும் விழுங்கப்போவதில்லை.

ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் உயிர் போயிருக்கிறது. வெளியே வந்ததும் உடலில் தங்கியதும் சேர்ந்த கூட்டுத்தொகை நூறு விழுக்காட்டை நெருங்காதவரை, உறிஞ்சல் இவ்வளவு என்று எழுதப் பேனாவைத் திறக்காதீர்கள்.